லீஸாவின் அத்தை சொன்ன பொய்

லீஸா சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்ததால்தான் நான் கடல் கடந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஏழு.

லீஸா, கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸில் யந்திரங்கள் பொருத்த வந்த ஜெர்மன் துரையின் மகள். அவள் பிறந்த மாதமே அவளுடைய தாய் காய்ச்சலில் இறந்துவிட்டாள். பங்களாவுக்கு ஆயாவாகப் போன என் அம்மாதான் அவளை வளர்த்தாள். பகலெல்லாம் நானும் அங்கேதான் கிடப்பேன். லீஸாவுக்கு முதலில் வந்த பேச்சு தமிழ். அதுவும் சுரங்கக் கூலிகள் குடியிருந்த எங்கள் லைனில் பேசுகிற தமிழ். மகள் ஜெர்மன் பேசாமல் வளர்கிறாளே என்று துரைக்குக் கவலை வந்து, ஆறாவது வயதில் அவளைத் தன் ஊரான லூபெக்கில் இருந்த தங்கையிடம் அனுப்பிவைத்தார்.

ஒரு வருஷம் கழித்து அந்தத் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. குழந்தை யாருடனும் பேசுவதில்லை, தட்டைத் தொடுவதில்லை, எலும்பும் தோலுமாகிவிட்டது. துரை விடுமுறையில் ஊருக்குப் புறப்பட இருந்தார். அதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து கோயில் விட்டதும், எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். துரைமார் யாரும் எங்கள் லைனுக்குள் அப்படி வந்து நின்றதில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை செய்தார். துரை சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை.

"கொயந்த பட்டினி கெடக்குதுன்னா போயிட்டு வா" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "இதையும் இட்டுகினு போ. இல்லன்னா இது இங்க பட்டினி கெடக்கும்."

சித்தப்பாவுக்குத்தான் மனமில்லை. அந்த ஊர்க் குளிரில் காது மடல் உறைந்து தானாக விழுந்துவிடும் என்று யாரோ துரை வீட்டுச் சமையல்காரர் சொன்னதாகச் சொல்லி என்னைக் கலங்க அடித்தார். துரையோடு மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, மதராஸ் போய், கப்பலில் பல வாரம் கழித்து ஹாம்பர்க்கில் இறங்கியது வரைக்கும் தினமும் காலையில் எழுந்தவுடன் நான் முதலில் தொட்டுப் பார்த்தது என் காதுகளைத்தான். நாங்கள் இறங்கியது நல்ல வெயில் காலத்தில். யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை.

லூபெக்கில் அந்த வீட்டின் கதவு திறந்தபோது லீஸா நடைக்கு அந்தக் கோடியில் நின்றிருந்தாள். கறுப்புச் சப்பாத்து, இறுக்கிப் பின்னிய தலை. எங்களைப் பார்த்தும் அசையவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னா லீஸாம்மா, இப்பிடி எளைச்சிப் போயிட்ட?" என்றாள் அம்மா.

"நீ எங்கம்மா போயிட்ட இவ்ளோ நாளு?" என்று கேட்டுவிட்டு லீஸா ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அன்று மாலையே அம்மா வேகவைத்த உருளைக்கிழங்கைப் பாலும் உப்பும் மிளகும் போட்டுப் பிசைந்து, உருட்டி உருட்டி அவள் வாயில் கொடுத்தாள். துரையின் தங்கை மேசைக்கு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உயரமான பெண்மணி. கல்யாணம் ஆகாதவர். சாம்பல் நிற உடை, இடுப்பில் சாவிக்கொத்து, சிரிக்காத முகம். முள்கரண்டி பிடிக்கச் சொல்லி ஒரு வருஷமாக அந்தக் குழந்தையோடு அவர் மல்லுக்கட்டியிருக்கிறார். ஒன்பதாவது உருண்டை உள்ளே போனதும் அவர் மேசையிலிருந்த முள்கரண்டியை எடுத்து, மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். லீஸா அவரை எங்களுக்கு "அத்தை" என்று அறிமுகப்படுத்தினாள். அன்று முதல் நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். எனக்கு அவரிடம் பயம்.

துரை ஏதோ தொழிற்சாலை வேலையாகத் தெற்கே போய்விட்டார். அத்தை தன் பொறுப்பில் எங்களுக்கு ஒரு திட்டம் போட்டார். சனிக்கிழமைதோறும் ஓர் இடம். இந்தியாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அப்படித்தான் நான் லூபெக்கின் செங்கல் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தேன். ஊர் வாசலில் இரட்டைக் கோபுரமாக ஒரு கோட்டைக் கதவு உண்டு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து ரகசியம் பேசுவதுபோல நிற்கும். ரயிலில் போய்க் கடற்கரை பார்த்தோம். அலை இல்லாத, சோம்பேறிக் கடல். நான் கோபுரத்தைப் பார்த்தால் ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். பின்னால் வந்த பிள்ளைகள் என் ஜடையைத் தொட்டுப் பார்த்தார்கள். யாருக்கு யார் வேடிக்கை என்று எனக்கு அப்போது சந்தேகமில்லை. என் கைவளையல்தான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

லூனெபர்க் என்று ஓர் ஊர். அங்கே பூமிக்கடியிலிருந்து உப்பு எடுக்கிறார்கள். பழைய தெருவொன்றில் வீடுகளெல்லாம் வயிறு தள்ளி, தோள் சாய்ந்து நின்றன. அத்தை காரணத்தை விளக்குவதற்குத் தகுந்த சொற்களைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு வீட்டுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"உள்ள காலி பண்ணிட்டா மேல சாயாம இன்னா பண்ணும்? எங்க ஊர்லயும் இதே கததான்" என்றாள்.

லீஸா அதை ஜெர்மனில் சொன்னாள். அத்தை அம்மாவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அன்று திரும்பும்போது ரயிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அம்மாவுக்கு மட்டும் சோறு இல்லாதது பெரிய குறை. வெளியில் சொல்ல மாட்டாள். ராத்திரி படுக்கையில், "ஒரு வாய் ரசஞ்சோறு கெடச்சா போதும்" என்று என்னிடம் முனகுவாள். அத்தைக்கு இது எப்படியோ தெரிந்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை எங்களை ஹாம்பர்க்குக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெரிய தோட்டத்தில் இந்திய கிராமம் ஒன்று காட்சிக்கு வந்திருப்பதாகப் பத்திரிகையில் படம் போட்டிருந்தார்களாம். அம்மா தன் மனிதர்களைப் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்திருக்கிறார்.

மரங்களுக்கு நடுவே இடுப்புயர மூங்கில் வேலி. அதற்குள் ஓலைக் குடிசைகள், ஒரு யானை, சக்கரம் சுற்றும் குயவர், குழந்தைகள். வேலியைச் சுற்றி நல்ல உடை உடுத்திய கூட்டம். உள்ளே ஒரு பெண் மூன்று கல் அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை வேலி தாண்டி வந்தது. அம்மா நின்றுவிட்டாள்.

"எந்த ஊரும்மா நீங்க?" என்று அந்தப் பெண்தான் முதலில் கேட்டாள்.

"கோலார் மைன்ஸ். நீ?"

"ஆற்காட்டுப் பக்கம். அய்யோ, தமிழு பேசுறீங்களே! உள்ள வாங்க, ஒரு வாய் சாப்ட்டுப் போங்க."

சின்னக் கதவு திறந்திருந்தது. அம்மா போனாள், பின்னால் நான், எனக்குப் பின்னால் லீஸா. அத்தை வெளியே நின்றார். லூபெக்கில் தன்னோடு கோயிலுக்கு வருகிற இரண்டு பெண்மணிகளைத் தற்செயலாகப் பார்த்து அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் மண்தரையில் உட்கார்ந்து புளி ரசம் விட்டுச் சாப்பிட்டோம். லீஸா புறங்கையில் வழிந்ததை நக்கிக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது. நாங்கள் நன்றாகச் சாப்பிடுவதற்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்து நான் இன்னும் வேகமாகச் சாப்பிட்டேன்.

"எப்போ ஊருக்குப் போவ?" என்று அம்மா கேட்டாள்.

"மழைக்கு முன்னாடி அனுப்பிடுறேன்னாங்க. அப்புறம் ரெண்டு மழ போயிடுச்சு." அவள் தன் ஊரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, உயிரோடு இருப்பதாகச் சொல்லச் சொன்னாள். பிற்பாடு இந்தியாவுக்குத் திரும்பியபோது அம்மா ரயிலை வழியில் விட்டுவிட்டு, மாட்டுவண்டி பிடித்துப் போய் அதைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

காட்சி முடிகிற மணி அடித்தது. அந்தப் பெண் சட்டென்று எழுந்தாள். "போயிடுங்க, சீக்கிரம் வெளிய போயிடுங்க" என்றாள். அதற்குள் காவல்காரன் கதவைப் பூட்டியிருந்தான். லீஸாவை மட்டும் தூக்கி வெளியே விட்டான். அம்மாவையும் என்னையும் குடிசைப் பக்கம் கைகாட்டினான்.

அம்மா கதவைப் பிடித்து ஆட்டினாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். முறுக்கிய மீசையோடு ஒருவர் வந்தார், அந்தக் கிராமத்தையே கூட்டிவந்தவர் அவர்தான். அத்தை ஓடிவந்து ஏதோ சொன்னார். மீசைக்காரர் முடியாது என்று தலையை ஆட்டினார். போன ஊரில் ஒரு பெண்ணும் சிறுமியும் தப்பியோடிவிட்டார்களாம், அவர்கள்தான் இவர்கள் என்றார். எங்கள் வீட்டு ஆயா என்றார் அத்தை. அப்படியானால் கப்பல் காகிதத்தைக் காட்டுங்கள் என்றார் அவர். காகிதம் லூபெக்கில் இருந்தது. நாளைக்குக் கொண்டுவாருங்கள், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்றார். இதையெல்லாம் எனக்கு லீஸா பிற்பாடு சொன்னாள். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்து என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். அதற்கு முன் நான் அம்மா பயந்து பார்த்ததில்லை.

அப்போது லீஸா வேலிக்கு வெளியிலிருந்து அம்மாவின் சேலை முந்தானையை எட்டிப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். முதலில் தமிழில், "அம்மா! அம்மா!" என்று. பிறகு கூட்டத்தைப் பார்த்து ஜெர்மனில், இவர் என் அம்மா, என் அம்மாவை விடுங்கள் என்று. கூட்டம் சிரித்தது. மீசைக்காரரும் சிரித்துவிட்டு அத்தையிடம், குழந்தை சொல்வது உண்மையா என்று கேட்டார்.

அத்தை அந்த இரண்டு பெண்மணிகளையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கூட்டம் முழுவதற்கும் கேட்கிற குரலில் பேசினார்.

"ஆமாம். இவர் என் அண்ணனின் மனைவி. இந்தப் பிள்ளைகள் இருவரும் அவர்களுடைய பிள்ளைகள். கதவைத் திறவுங்கள்."

சிரிப்பு நின்றது. கதவு திறந்தது.

ரயிலில் லீஸா இதை எனக்குச் சொன்னதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊரில் எனக்கு ஓர் அப்பா இருக்கிறார். இந்த அத்தை எப்படித் துரையை என் அப்பா என்று சொல்லலாம்? போதாததற்கு என் அம்மாவைத் தன் அம்மா என்று ஊரறியக் கத்தினாளே இந்த லீஸா! "அத்த பொய் சொல்லிட்டாங்க" என்று அம்மாவிடம் புகார் சொன்னேன்.

"வாய மூடு" என்றாள் அம்மா. பிறகு அத்தையின் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அத்தை கூச்சத்தோடு கையை இழுத்துக்கொண்டு, கூடையிலிருந்து ரொட்டியை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். நான் என் பங்கை வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊருக்குக் கப்பலேறும் வரை அந்தச் சொல்லை நான் அவரிடம் சொல்லவே இல்லை. இன்று வரைக்கும் எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிவிட்டேன். அது எங்கே போய்ச் சேரும்?

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டில் இருந்தோம். லீஸா சதை போட்டாள், பள்ளிக்கூடத்தில் தோழிகள் பிடித்தாள். எனக்கும் அந்த ஊர் மிகவும் வசதியாகிவிட்டது. கோயிலில் எங்கள் பெஞ்சில் முன்பெல்லாம் ஏழெட்டுப் பேர் நெருக்கி உட்காருவார்கள். ஹாம்பர்க் போய்வந்த பிறகு நாங்கள் நாலு பேர் மட்டும் காலை நீட்டி உட்காரலாம் என்று ஆயிற்று. வியாழக்கிழமைகளில் அத்தையோடு காப்பி குடிக்க வந்துகொண்டிருந்த பெண்மணிகளும் வருவதில்லை. அத்தை மட்டும் வழக்கம்போல வெள்ளை விரிப்பு விரித்து, பிளம்ஸ் கேக் செய்து, ஆறு கோப்பைகளை வைத்துவிட்டு ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பார். ஐந்து மணி அடித்ததும் எழுந்து இரண்டு கோப்பைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு எங்களைக் கூப்பிடுவார்.

முழு கேக்கும் எங்களுக்கே. ஒவ்வொரு வியாழக்கிழமையும் யாரும் வந்துவிடக் கூடாதே என்று நான் மனப்பூர்வமாக ஜெபம் செய்தேன். என் ஜெபம் ஒருமுறைகூடத் தவறவில்லை.