என் வழிகாட்டி மூன்று பேரான கதை

நாற்பத்து மூன்றாவது வயதில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுக்கத் துளைகளை அளக்கிறவன் என்பதால் ஆராய்ச்சியும் துளையைப் பற்றியே அமைந்தது. துளை போடும் ட்ரில் மழுங்கப்போவதை அதன் சத்தத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "இதுக்குப் படிக்க வேற வேணுமா? மிக்ஸி பிளேடு மழுங்கினா சத்தத்துலயே நான் சொல்லிடுவேனே" என்றாள்.

எனக்கு வழிகாட்டி, கிருஷ்ணகிரி சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் பேராசிரியை. என்னைவிட ஆறு வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். இருவரும் ஒருவருக்கொருவர் கொஞ்சம் பயந்தே பேசுவோம்.

முதல் கட்டுரையை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. எங்கள் இதழின் துறைக்கு இது பொருந்தாது என்று இரண்டு வரி. மேடம் கலங்கவில்லை. "வேற ஜர்னலுக்கு அனுப்பிடலாம் சார். இவங்க ரெஃபரன்ஸுக்கு நம்பர் கேட்டாங்க, அவங்க ஆசிரியர் பேரும் வருஷமும் கேக்கறாங்க. சாஃப்ட்வேர்ல ஸ்டைலை மாத்துங்க, ஒரே கிளிக்தான்."

ஒரே கிளிக்தான், சாஃப்ட்வேரைக் கொண்டு மேற்கோள்களைச் சேர்த்திருந்தால். நானோ எண்பத்து நான்கு மேற்கோள்களின் எண்களையும் கையாலேயே தட்டச்சு செய்திருந்தேன். இதை மேடத்திடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டுரையையும் இணையத்தில் தேடி சாஃப்ட்வேருக்குள் இழுத்துப்போட்டு, எண்களை அழித்துவிட்டு மறுபடி செருகினேன். பிறகு ஸ்டைலை மாற்றும் பொத்தானை அழுத்தினேன். எண்கள் எல்லாம் கண்ணெதிரே பெயர்களாக மாறின. எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது.

பட்டியலை முழுவதும் சரிபார்த்தேன் என்றுதான் நினைத்தேன். உண்மையில் காற்புள்ளிகளைத்தான் பார்த்திருக்கிறேன், மனிதர்களைப் பார்க்கவில்லை. மேடம் வரைபடங்களை மட்டும் பார்த்துவிட்டு, "அனுப்புங்க சார்" என்றார். அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து மதிப்பீட்டாளரின் கருத்து வந்தது. திருத்தங்கள் நிறைய இருந்தன. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு பாராட்டு. இந்த முறையை மூன்று தனித்தனி ஆராய்ச்சியாளர்கள் வெவ்வேறு காலத்தில் உறுதிசெய்திருப்பதைக் கட்டுரை எடுத்துக்காட்டியிருப்பது மிகவும் வலுவானது என்று எழுதியிருந்தார்.

மேடம் என்னைக் கல்லூரிக்கு வரச்சொன்னார். போனதும் அந்த வரியைத் திரையில் காட்டினார்.

"யார் சார் இந்த மூணு பேரு?"

கட்டுரையைத் திறந்து பார்த்தேன். இன்னார் முன்வைத்ததை இன்னார் உறுதிசெய்தார், அதை இன்னார் விரிவாக்கினார் என்று இருந்தது. எண்களாக இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. இப்போது பெயர்களாக நின்றபோது, மூன்றாவது பெயரைப் பார்த்து எனக்கு வியர்த்தது. அது மேடத்தின் வீட்டுக்காரர் பெயர்.

நடந்தது இதுதான். அந்த மூன்றுமே, லேத் இயந்திரத்தின் நடுக்கத்தை வைத்து இதே முறையில் மேடம் முன்பு எழுதிய கட்டுரைகள். நம் ஊரில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. கேட்கிற படிவத்துக்கு ஏற்ப எதையாவது எழுதிவைப்போம். மேடம் கல்யாணத்துக்கு முன் எழுதிய முதல் கட்டுரையில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசியில் போட்டிருந்தார். இரண்டாவதில் தன் பெயரைக் கடைசியில் போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு வந்த மூன்றாவதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி கணவர் பெயர். சாஃப்ட்வேர் கடைசியாக நின்ற பெயரையே ஆசிரியராக எடுத்துக்கொண்டது. அப்பா முன்வைத்தார், மகள் உறுதிசெய்தார், மருமகன் விரிவாக்கினார்.

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பாவும் நானும் அவரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்துலதான் சார்" என்றார். உடனே அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர் நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருப்பவர். பின்னால் மருந்தடிக்கும் மோட்டார் சத்தம் கேட்டது.

"அப்பா, நீங்க ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கீங்களாம்."

"நானா? என்னாத்தப் பத்தி?"

"லேத்து மிஷின் நடுக்கத்தப் பத்தி."

"நடுக்கமா? எனக்கு முட்டி வலிதானே இருக்குது, நடுக்கம் ஏது?" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, "நல்லா எழுதியிருக்கேனாம்மா?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கியதும் நான் மெல்லச் சொன்னேன். "ரிவ்யூவர் பாராட்டியிருக்காரு மேடம். அப்படியே விட்டுட்டா..."

மேடம் முகம் மாறியது. "ஒரே ஆளு மூணு தடவை ஓட்டு போட்டா அதுக்கு என்ன பேரு சார்?"

அன்றே உட்கார்ந்து மூவரையும் ஒருவராக்கினோம். அவரே இந்தக் கட்டுரையின் இணை ஆசிரியர் என்பதையும் பதில் கடிதத்தில் ஒளிக்காமல் எழுதினோம். கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் திருத்தி அனுப்பியதை ஆய்விதழின் அலுவலகம் உள்ளேயே விடவில்லை. மேற்கோள் பட்டியல் எங்கள் பாணியில் இல்லை, திருத்தி அனுப்பவும் என்று மடல் வந்தது. எங்கே இல்லை, எப்படி இல்லை என்று ஒரு சொல் கிடையாது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு பாகத்தைக் கழித்தால் குறை எங்கே என்று சிவப்பு மையால் குறி போட்டாக வேண்டும். போடாவிட்டால் கழித்தவனுக்குத்தான் மெமோ.

ஸ்டைலுக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது, அதைத் திறந்து நாமே மாற்றலாம் என்று இணையத்தில் படித்தேன். துணிந்து திறந்தேன். வேண்டாத காற்புள்ளி ஒன்று இருப்பதாகத் தோன்றிய ஒரு வரியை நீக்கினேன். எண்பத்து நான்கு மேற்கோள்களின் ஆசிரியர்களும் மறைந்துபோனார்கள். வருடங்கள் மட்டும் வரிசையாக நின்றன. நீக்கியதைப் பழையபடி கொண்டுவந்த பிறகுதான் எனக்கு உயிரே திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். அதே மடலோடு மறுபடி திரும்பி வந்தது.

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாய் டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட்டெல்லாம் அவர் கையில்தான் வடிவம் பெறும் என்று உடன் வேலை செய்பவர் சொன்னதால், பட்டியலை அச்செடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனேன். கௌரவமாகத் தமிழில் சொல்வோமே என்று வாயைத் திறந்ததுதான் தப்பு.

"பாய், ஒரு பத்திரிகைக்கு அனுப்பணும். பேருங்க வரிசைதான் சரியா வர மாட்டேங்குது."

"எல்லா வூட்லயும் இதே ரோதனைதான் சார். தாய்மாமன் பேரு மேலயா, பெரியப்பா பேரு மேலயான்னு சண்டை. மொத்தம் எத்தினி பேரு?"

"எண்பத்து நாலு."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "கார்டுல அடங்காது சார். புஸ்தகமா தைக்கணும். இதுல காலமானவங்க இருக்காங்களா?"

"நாலஞ்சு பேர் இருக்கலாம்."

"அவங்களுக்கு முன்னாடி தெய்வத்திரு போடணும். விட்டுட்டா பந்தியில பிரச்சினை ஆயிடும்."

காகிதத்தைக் கையில் கொடுத்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரையையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எதுவும் வாசிக்கிற மாதிரித் தெரியவில்லை.

"படிச்சுப் பாருங்க பாய்."

"அர்த்தம் எனக்கு வேணாம் சார். அர்த்தம் பாத்தா எழுத்து தெரியாது." இரண்டு நிமிடத்தில் விரலை வைத்தார். "இங்க பாருங்க, உங்க கமா சாஞ்சிருக்குது. அவங்களுது நேரா நிக்குது."

இதழின் பெயர் சாய்வெழுத்தில் வர வேண்டும். அதற்கு அடுத்த காற்புள்ளியும் என்னுடையதில் சேர்ந்து சாய்ந்திருந்தது. ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கிக் காட்டினார். ஆமாம், சாய்ந்துதான் இருந்தது.

"அப்புறம் இந்தப் பக்க நம்பருக்கு நடுவுல வர்ற கோடு. அவங்களுது நீட்டம், உங்களுது குட்டை."

மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கிறேன் என்று பெருமை பேசுகிறவன் நான். எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. அந்த ஸ்டைல் கோப்பை என் மடிக்கணினியில் திறந்தேன். நான் ஒரு வரியை மாற்றுவேன், பாய் திரையைப் பார்த்து "இல்லை" என்பார். இன்னொன்றை மாற்றுவேன், "இன்னும் சாயுது" என்பார். இடையில் கல்யாணப் பத்திரிகை வாங்க வந்த ஒருவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். ஒரு கமாவுக்கா இவ்வளவு நேரம் என்று பாதி தெலுங்கிலும் பாதித் தமிழிலும் கேட்டார். இரண்டு டீ குடித்து முடித்தபோது கோடுகள் நீண்டிருந்தன, எண்பத்து நான்கு காற்புள்ளிகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. பாய் என் தோளைத் தட்டினார்.

இந்த முறை கட்டுரை உள்ளே போய்விட்டது.

சில வாரம் கழித்து, ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் பாகங்களைச் சோதித்துவிட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். சானமாவுக் காட்டருகே பேருந்து நின்றுவிட்டது. முன்னால் யானைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டார். உள்ளே எல்லோரும் மூச்சுக்கூட மெதுவாக விட்டோம். அப்போது போனில் மடல் வந்தது.

மதிப்பீட்டாளர் எங்கள் நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார். கட்டுரை ஏற்கப்பட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துவிட்டு அடுத்த பத்தியைப் படித்தேன். மேற்கோள் பட்டியலை இதழின் குழுவே தன் பாணிக்கு மாற்றிக்கொள்ளும், ஆசிரியர்கள் அதற்காகச் சிரமப்பட வேண்டியதில்லை என்று இருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. போனை வெளியே எறியலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு பாயும் நானும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு காற்புள்ளியை நிமிர்த்தியது நினைவுக்கு வந்து, அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் தக்காளிக் கூடையோடு இருந்த அம்மா பதறிப்போய் என் பக்கம் திரும்பினார். "என்னாங்க சார் சிரிக்கறீங்கோ? முன்னாடி ஆனை நின்னுக்கினு இருக்குது!"

"ஒண்ணுமில்லம்மா. நான் எழுதினதை ஒரு இடத்துல ஏத்துக்கிட்டாங்க."

"நல்ல சேதிதானே. சத்தமில்லாம சிரிங்க."

கடைசி யானை சாலையைத் தாண்டக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தேன்.