ரிப்போர்ட் கார்டில் ஒரு சொல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்றாமவள் செல்வியின் ரிப்போர்ட் கார்டில் ஆசிரியை ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். எனக்கு ஆங்கிலம் தெரியாது; ஏதோ குறை என்று நினைத்தேன். ஆசிரியையிடம் போய்க் கேட்க என் கௌரவம் விடவில்லை.

“நல்லதாத்தான் எழுதியிருக்காங்கம்மா,” என்றாள் செல்வி.

“எனக்கே கதை விடுறியா?” என்று அறைந்தேன். பள்ளியிலிருந்து நிறுத்தி, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுக்க அழைத்துப் போனேன்.

செல்வி இப்போது ஈப்போ நகரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிறாள். போன வாரம் அந்தக் கார்டு அலமாரியில் அகப்பட்டது. செல்வியின் மகள் வாசித்தாள்.

“பெர்செப்டிவ். சொல்லாமலே மத்தவங்க மனசைப் புரிஞ்சிக்கிறவங்களை அப்படிச் சொல்வாங்க, பாட்டி.”

“என்னையும் அப்படிச் சொல்லலாமா?”

பேத்தி தன் அம்மாவைப் பார்த்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த செல்விதான் பதில் சொன்னாள்: “உங்களுக்குப் பொருந்தாதுலா, அம்மா.”

கோணல் எழுத்தில் இதை நானே எழுதினேன். சத்தமாக வாசித்துக் காட்டு, பேத்திக் கண்ணு. அறைந்த இடத்தை விட்டுவிடாதே. உன் அம்மாவுக்குக் கேட்கட்டும்.