திரையில் ஒரு வட்டம்

டிப்போவில் அவளுக்கு 'பிரேக்' என்று பெயர். பேருந்து ஓட்ட வந்த புதிதில் ஒரு பூனைக்காக அவள் மிதித்த மிதியில், பயணிகள் மொத்தப் பேரும் முன்சீட்டில் முட்டிக்கொண்டார்கள். பூனை பிழைத்தது, பெயர் ஒட்டிக்கொண்டது.

முப்பது வயதுகூட ஆகவில்லை. மார்பில் கைக்குத் தட்டுப்பட்ட கட்டி புற்றுநோய் என்று தெரிந்தபோது, "கீமோ எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று மட்டும் கேட்டாள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றார் டாக்டரம்மா. "இந்த மருந்து சினைப்பையையும் பாதிக்கலாம். பின்னால குழந்தை வேணும்னு தோணினா, இப்பவே கருமுட்டைய எடுத்து உறைய வச்சுக்கலாம். ரெண்டு வாரம் ஆகும். உங்களுக்கு அவ்வளவு நேரம் இருக்கு."

கூட வந்திருந்த அம்மா குறுக்கே புகுந்தாள். "மாப்பிள்ளையே இன்னும் வரல. அதுக்குள்ள பேரப்பிள்ளைக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்கணுமா?"

அவள் சிரித்துவிட்டாள். நோய் தெரிந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

ஊசியைக் கண்டாலே ஒதுங்கும் அம்மா, மகள் வயிற்றில் தினமும் ஊசி போடக் கற்றுக்கொண்டாள். குத்தும்போது கண்ணை மூடிக்கொள்வதும் அம்மாதான். "கண்ணத் தெறந்துட்டுக் குத்தும்மா," என்பாள் மகள்.

முட்டைகளை எடுத்த அன்று, மயக்கம் தெளிந்ததும் ஆய்வகப் பெண் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அதைச் சுற்றி மெல்லிய ஒளி வளையம்.

"இது நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே உருவானது. உங்க அம்மா வயித்துல நீங்க இருந்தப்ப, உங்களுக்குள்ள."

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இதையும் சேத்துதான் நான் சுமந்தேனா?"

"ஆமாம்மா."

தன் உடம்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த வட்டத்தின் முன் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கீமோவில் முடி கொட்டியது. இடது மார்பை எடுத்தார்கள். அவள் மீண்டும் பேருந்து ஓட்டினாள். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். "சரி, கல்யாணத்த எப்ப வச்சுக்கலாம்?" என்றார் அவர்.

சில ஆண்டுகள் கழித்து, நோய் திரும்பாமலிருக்கத் தினமும் விழுங்கிவந்த மாத்திரையைக் குழந்தைக்காகக் கொஞ்சகாலம் நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சம்மதித்தார். உறைந்திருந்த முட்டைகளில் சில தேறவில்லை. முதல் முயற்சி கைகூடவில்லை. அடுத்ததில் மகள் பிறந்தாள்.

ஈரம் காயாத குழந்தையை அவள் நெஞ்சில் கிடத்தினார்கள். அது தழும்பின் மேல் வாயை வைத்துப் பார்த்தது, தலையைத் திருப்பியது, தேடித் தேடி வலப்பக்கத்தைத் தானே கண்டுபிடித்தது. இதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவள் மூச்சு விடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.