நடுக்கமிலி

எனக்குப் பிறவியிலேயே குரல் நடுங்கும். வாயைத் திறந்தால் தாடையும் சேர்ந்து ஆடும். பயமெல்லாம் கிடையாது. செம்மநத்தத்தில் எங்கள் ராகிக் காட்டுக்குள் நுழையும் பன்றியை அதே குரலில்தான் விரட்டுவேன், பன்றியும் ஓடத்தான் செய்தது.

எண்பதுகளில் ஏற்காட்டில் பத்தாம் வகுப்பு படித்தபோது, ஆண்டு விழாவின் ஆங்கில வரவேற்புரைக்குப் பெயர் கொடுத்தேன். எப்படியாவது அதை நான்தான் பேச வேண்டும் என்று ஒரே வெறி. ஒத்திகை முடிந்ததும் ஆங்கில வாத்தியார் தலைமையாசிரியையிடம் என்னைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல் காதில் விழுந்தது: ட்ரெமுலஸ்லி.

ட்ரெமுலஸ் என்றால் நடுக்கம் சம்பந்தப்பட்டது என்று பாடத்தில் படித்திருந்தேன். அறிவு இல்லாதவர் அறிவிலி. அப்படியானால் ட்ரெமுலஸ்லி என்றால் நடுக்கமே இல்லாதவள், நடுக்கமிலி! ஸ்லோலி, குவிக்லி என்று ‘லி’யில் முடியும் ஆங்கிலச் சொற்களெல்லாம் தெரிந்தவள்தான், ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. நேராகப் போய் வாத்தியாருக்கு நன்றி சொன்னேன். ஆசிரியர் அறையே சிரித்தது.

“பயந்து நடுங்கிட்டுப் பேசறன்னு சொன்னேன் கண்ணு. வரவேற்புரைய வேற புள்ளைக்குக் குடுத்தாச்சு” என்றார்.

அவமானத்தைவிடக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. நூலகத்தில் இருந்த தடித்த அகராதியைப் பிரித்தேன். நடுங்குவதைச் சொல்லும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல்லாம். முதல் பொருள் நடுங்கியபடி, அச்சத்தோடு என்பது இரண்டாவதுதான். வாலில் ஒட்டியிருக்கும் ‘லி’யோ, பழைய ஆங்கிலத்தில் உடம்பைக் குறித்த சொல் தேய்ந்து மிஞ்சியதாம். அகராதியைத் தூக்கிக்கொண்டு மறுபடி அவர் முன்னால் போய் நின்றேன்.

“ஏனுங்க சார், உடம்புன்னுதானுங்க இதுல போட்டிருக்குது. எனக்கு நடுங்கறதும் உடம்புதானுங்க. பயத்தை நீங்களா ஏனுங்க சேத்தீங்க? எனக்கு மொத அர்த்தத்தைக் குடுங்க.”

குரல் வழக்கம்போல ஆடியது. அவர் அகராதியை வாங்கி அந்த வரிகளை விரல் வைத்துப் படித்தார். பிறகு, “நொம்பத்தான் வாய் உனக்கு. சரி, நீயே பேசு” என்றார்.

விழாவன்று மைக் என் நடுக்கத்தை ஊருக்கே கேட்கும்படி செய்தது. முன்வரிசையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று கடைசி வரி வரை பேசிவிட்டே இறங்கினேன்.

“அப்பவும் நடுங்குச்சே கண்ணு” என்றார் வாத்தியார்.

“நடுங்குச்சுங்க சார். பேச்சு நின்னுச்சுங்களா?”