பம்ப் பிடிக்கக் கற்ற பிறகு

முதலில் வந்தது இருமல்தான். தாராவியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் என் கணவர் தோல்பைப் பட்டறை நடத்துகிறார். அங்கே பசை தடவுவது என் வேலையாக இருந்தது. இருமலுக்குப் பிறகு நெஞ்சுக்குள் விசில் சத்தம். ஆஸ்துமா என்றார்கள். இன்ஹேலர் (மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் பம்ப்) எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

பல வருடங்கள் கழித்து, மாட்டுங்கா ஸ்டேஷன் படிக்கட்டில் மூச்சுத் திணறி விழுந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, வாருங்கள் என்றார்கள். வகுப்பு எடுத்த டாக்டரம்மா மாட்டுங்காத் தமிழர்.

"எப்படி எடுத்துக்கறேள்னு காட்டுங்கோ."

அழுத்தினேன். மருந்து வாயோரமாகப் புகைபோல வெளியேறியது.

"இத்தனை நாளும் மருந்தைக் காத்துக்குன்னா குடுத்திண்டிருந்திருக்கேள்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை எத்தனை டாக்டர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பேன்! ஒருவர்கூடக் காட்டச் சொன்னதில்லை.

கற்றுக்கொண்டேன். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிக் கவ்வி, அழுத்தும்போதே மெல்ல இழுத்து அடக்க வேண்டும். தடுப்பு மருந்தை (மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைப்பது) நன்றாக இருக்கும் நாளிலும் விடக்கூடாது. மூச்சை ஊதி அளக்கும் குழாய் ஒன்றும் கொடுத்தார்கள்; மூச்சு நன்றாக இருந்தால் அதன் முள் மேலே ஏறும். "உங்க உடம்பு உங்க கையிலதான்" என்றார் டாக்டரம்மா.

செம்பூரில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்த் தங்கியபோது குழாயின் முள் நாளுக்கு நாள் ஏறியது. திரும்பி வந்து பசை டப்பாவைத் திறந்த அன்றே சரிந்தது. இன்னொரு முறை போய் வந்தேன். அதேதான்.

"பசைதான். அந்த வாடைல நீங்க இருக்கப்படாது" என்றார் டாக்டரம்மா.

கணவரிடம் சொன்னேன். "பட்டறைய வேற எங்கயாவது மாத்துங்களேன்."

"வெளையாடுதியாட்டி? நானும் இதே வாடையிலதான கெடக்கேன். எனக்கு ஒண்ணும் வரலயே."

"எனக்கு வருதுல்லா."

"அப்பம் பம்ப ஒழுங்கா அடி. அதுக்குத்தான கிளாஸுக்குப் போன?"

பம்பையும் குழாயையும் பையில் போட்டுக்கொண்டு செம்பூருக்குக் கிளம்பினேன்.

இப்போது தங்கை வீட்டில் இருக்கிறேன். பக்கத்து மெஸ்ஸில் காய் நறுக்குகிறேன். என் இடத்தில் பசை தடவ வேறொரு பெண்ணை வைத்துவிட்டார்.

இந்த நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பம்ப் பிடிப்பதை டாக்டரிடம் கட்டாயம் செய்து காட்டுங்கள். நான் அதனால்தான் உயிரோடு இருக்கிறேன். ஆனால் எல்லாமே உங்கள் கையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டுக் காற்று என் கையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும். அன்று மட்டும் தாராவிக்குப் போய், சமைத்து, அவருக்குப் பரிமாறுகிறேன். மூடிய கதவின் வழியாகவும் வாடை மேலே ஏறி வரும். நெஞ்சு இறுகத் தொடங்கியதும் எழுந்து செருப்பை மாட்டுவேன். எவ்வளவு நேரம் நான் அவருக்கு மனைவியாக இருக்கலாம் என்பதை இப்போதெல்லாம் என் நுரையீரல்தான் முடிவு செய்கிறது.