அறுபது எண்களை ஓர் இடம் தள்ளிய வரி

"ஒரு பெஞ்சில அறுபது பேர் நெருக்கி உட்கார்ந்திருக்காங்க. எல்லாரும் ஒரு இடம் வலப்பக்கம் நகரணும். யாரை முதல்ல நகர்த்துவே?"

ருமேனியாவின் திமிஷோவாரா நகரில், டிராமில் வீடு திரும்பும்போது அக்கா ஸ்மராண்டா இப்படிக் கேட்டாள். அவள் முகம் வெளுத்திருந்ததால் கேலி செய்யத் தோன்றவில்லை.

அக்கா மருத்துவமனைப் பம்புகளுக்குக் கணினி நிரல் எழுதுபவள். பச்சைக் குழந்தைகளுக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும் பம்புகள். குழாய் மடிந்து அடைத்தால் அழுத்தம் ஏறும். உடனே பம்ப் கத்த வேண்டும். அதற்காகக் கடைசி அறுபது அழுத்த அளவுகளை அது வரிசையாக நினைவில் வைத்திருக்கும். புதிய அளவு வரும்போது பழையவை ஓர் இடம் வலப்பக்கம் தள்ளிப்போகும்.

இப்படித் தள்ளுவதற்கு நிரலில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கண்ணை மூடிக்கொண்டு வேகமாக நகலெடுக்கும். மற்றது, எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா என்று பார்த்து, எந்த ஓரத்திலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்யும். "உன் பம்ப் மருந்து குடுக்கறதுக்குள்ள குழந்தைக்குக் கல்யாணமே ஆயிடும்மா" என்று மேலாளர் தொரின் கிண்டல் செய்ததில், அக்கா எல்லா இடத்திலும் வேகமானதையே போட்டாள். சோதனைகளில் பம்புகள் தேறின. பம்புக்குள் நிரலை ஓட்டும் பழைய கணினிச் சில்லு தற்செயலாக வலது ஓரத்திலிருந்து நகலெடுத்து வந்ததால்தான் தேறின என்பது யாருக்கும் தெரியாது.

அன்று காலை, புதிய சில்லு வைத்த பதினொரு பம்புகள் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போயிருந்தன. மதியம் அக்கா அந்தச் சில்லின் கையேட்டைப் புரட்டியபோது ஒரு வரியைப் பார்த்தாள்: நகல் இடது ஓரத்திலிருந்து தொடங்கும்.

"இடது ஓரத்து ஆள் முதல்ல நகர்ந்தா பக்கத்து ஆள் அழிஞ்சிடுவான்," என்று டிராமில் தனக்குத்தானே சொன்னாள். "அப்புறம் அவனையே எடுத்து அடுத்த இடத்தில... ஐயோ, அறுபது இடத்திலயும் ஒரே ஆள்!"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

அலுவலகத்தில் புதிய பம்ப் ஒன்றை ஓடவிட்டு, குழாயை விரலால் நெரித்தாள். காத்திருந்தோம். எல்லா அளவும் ஒரே எண்ணாக இருந்தால் அழுத்தம் ஏறுவது பம்புக்கு எப்படித் தெரியும்?

"கத்து. கத்தித் தொலையேன்," என்றாள் அக்கா. அது கத்தவில்லை.

"திங்கட்கிழமை பார்த்துக்கலாம்," என்றார் தொரின். "நம்ம பம்ப் கெட்டதுன்னு நாமளே சொன்னா கம்பெனியை மூடிடுவாங்க."

"மூடட்டும் சார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன்."

குழந்தைகள் வார்டு நர்ஸ் வியோரிகா எடுத்தார். "இங்க ஒண்ணும் கத்தலையேம்மா. எல்லாம் அமைதியாத்தான் இருக்கு."

"அதுதாங்க எனக்குப் பயம். ஒவ்வொரு குழாயையும் கையால தடவிப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

காலடிச் சத்தம் கேட்டது. ஒன்றாம் கட்டில், இரண்டாம் கட்டில். பிறகு, "டாக்டர்! மூணாவது! குழாய் மடிஞ்சிருக்கு!" என்ற அலறல். போனை யாரும் வைக்கவில்லை. எல்லாம் எங்களுக்குக் கேட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. தொரின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்பது நிமிடம் கழித்து வியோரிகாவின் குரல் வந்தது. "நாடி திரும்பிடுச்சு. பழைய பம்பை மாட்டிட்டோம். உங்களோடது பதினொண்ணையும் வந்து எடுத்துட்டுப் போங்க."

தொரின் கார்ச் சாவியை எடுத்தார். அக்கா உட்கார்ந்து நகலெடுக்கும் வரிகளைத் தேடினாள். நாற்பத்து மூன்று இருந்தன. ஒன்பதில் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அந்த ஒன்பதையும் மாற்றினாள். அதனால் பம்ப் எவ்வளவு மெதுவானது என்று அளந்தும் பார்த்தாள். கண் இமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்படி நிரல் எழுதுகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், மூன்றாவது கட்டிலைப் பற்றி அவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.