மஞ்சக்காணிக்குப் போன மருதாணி யானை

அண்ணன் பேச்சை ஆயுளில் ஒருமுறைகூட மறுக்காதவர் என்று ஊரில் நற்பெயர் எடுத்தவர் கொளஞ்சியப்பன். அரியலூருக்குக் கிழக்கே நாலு மைலில் இருந்தார். இந்தப் பெயருக்காக அவர் பெரிதாகப் பாடுபட்டதில்லை. பேச வேண்டிய இடத்தில் தலையை ஆட்டினார். மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. இப்பேர்ப்பட்ட உத்தமருக்கு வாழ்க்கைப்பட்ட சிந்தாமணியின் சரித்திரத்தைத்தான் இங்கே எழுத வந்தேன்.

1940இல் அண்ணன் குருநாதன் பாகம் பிரித்தார். ஏரிப் பாய்ச்சல் வயல் அத்தனையும் மூத்தவருக்கு. ஒரு காணிக் கரடும் அதன் நடுவே ஒரு மண்சுவர் வீடும் இளையவருக்கு. எல்லாம் வாய்ப் பேச்சு. நிலம் செத்துப்போன அப்பா பேரிலேயே இருந்தது. "கூடப் பொறந்தவங்களுக்குள்ள எழுத்து என்னடா எழுத்து" என்று குருநாதன் கேட்டார். கொளஞ்சியப்பன் தலையாட்டினார்.

கரட்டில் மண்வெட்டி போட்டால் அரைச் சாணில் சுண்ணாம்புப் பாறை தட்டும். எப்போதோ கல்லாகிப்போன நத்தைகள் கூடை கூடையாக வரும். மேய வந்த ஆடுகள்கூட வெட்கப்பட்டுத் திரும்பிவிடும். சிந்தாமணி அந்த ஆடுகளைவிட ரோஷம் குறைந்தவள். கோடையில் ஏரி வற்றியதும் நாலு மாதம் தலைச்சுமையாக வண்டல் கொண்டுவந்து கொட்டினாள். கல் நத்தைகளைப் பொறுக்கி நடைபாதைக்கு ஓரம் கட்டினாள். உடைந்த வண்டிச் சக்கரத்தைப் படுக்கப் போட்டு, ஆரக்காலுக்கு ஆரக்கால் வேறு வேறு கீரை விதைத்தாள்.

புருஷனும் சும்மா இருக்கவில்லை. அண்ணன் இல்லாத இடங்களில் அவருக்கு மூளை நன்றாக வேலை செய்தது. ஆட்டு ரோமம் வெட்டுகிற கத்திரிக்கோலை இரவல் வாங்கி, மருதாணிப் புதரை யானையாக வெட்டினார். காதுக்குப் பாக்குமட்டை. சுரைப் பிஞ்சைச் சின்னக் கலயத்துக்குள் விட்டு, முற்றியதும் கலயத்தை உடைத்தால் கலயம் மாதிரியே சுரைக்காய். ஊரார் புடலங்காயில் கல்லைக் கட்டி நேராக வளர்ப்பார்கள். இவர்கள் கட்டாமல் விட்டு ஜிலேபியாகச் சுழல வைத்தார்கள். காக்கை விரட்ட நிறுத்திய பொம்மைக்கு மணியக்காரரின் பழைய கோட்டை மாட்டியதில், வரி பாக்கி வைத்திருந்த இரண்டு பேர் அதற்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனதாகவும் ஒரு பேச்சு உண்டு.

"கிறுக்குங்க" என்றார் குருநாதன். ஏழு வருஷம் அதையே சொன்னார். எட்டாவது வருஷம் அவர் மகள் பொன்னம்மாளைப் பெண் பார்க்கத் திருமானூரிலிருந்து ஆள் வருவதாகத் தகவல் வந்தது. கொள்ளிடத்துப் பாய்ச்சலில் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். உடனே தம்பி தோட்டத்தின் கலையழகு அண்ணனுக்குப் புலப்பட்டது.

"உன் வூட்லயே வச்சுக்குவோம்டா. நிழலா இருக்கு."

சிந்தாமணிக்குப் பெருமை பிடிபடவில்லை. யானைக்குப் புதுக் காது போட்டாள். வந்தவர்களுக்குப் பானகம் கரைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணை ஒரு நிமிஷம் பார்த்தாள். யானையை அரை மணி நேரம் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா வைத்திலிங்கம் கேட்டார்: "யாரு தோட்டம் இது?"

"நம்ம தோட்டந்தான்" என்றார் குருநாதன்.

சம்பந்தி முன்னால் அண்ணன் பேச்சைத் தம்பி மறுப்பது அந்தப் பக்கத்தில் கொலைக்கு அடுத்த குற்றம். கொளஞ்சியப்பன் தலையாட்டினார்.

"பொண்ணுக்கு மஞ்சக்காணியா இதைத்தான் குடுக்கறதா இருக்கோம்" என்று அண்ணன் தொடர்ந்தார்.

மஞ்சக்காணி என்பது மகளுக்குக் கல்யாணத்தில் எழுதிக் கொடுக்கிற நிலம். அவரவர் தங்கள் நிலத்தைக் கொடுப்பதுதான் அதுவரை வழக்கமாக இருந்தது. முதல் ஆட்டலின் வேகம் அடங்காததால் கொளஞ்சியப்பனின் தலை இன்னொரு முறையும் ஆடிவிட்டது. புடலைப் பந்தலுக்குப் பின்னால் நின்ற சிந்தாமணி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

அவர்கள் போனதும் கேட்டாள்: "எதுக்குங்க தலையாட்டுனீங்க?"

"சபையில அண்ணனை எப்படிடி..."

"வண்டல் சுமந்தது என் தலைங்க. ஆட்டுனது உங்க தலை."

மறுநாள் குருநாதன் மனைவி கிருஷ்ணம்மாள் சமாதானம் சொல்ல வந்தாள். "உனக்கென்னடி, புள்ளையா குட்டியா? யாருக்குச் சேத்து வெக்கிற? எங்க பொண்ணு உன் பொண்ணு இல்லியா?"

"பொண்ணுதாங்கா. ஏரிக்கரை வயல்ல பாதியை எழுதுங்க, நான் வந்து நாத்து நட்டுத் தரேன்."

கிருஷ்ணம்மாளுக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது.

நிலம் அப்பா பேரில் இருந்ததால் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ரேகை வைத்தால்தான் பத்திரம் செல்லும். ஆக, தோட்டம் முழுவதும் கொளஞ்சியப்பனின் இடது கட்டைவிரலில் தொங்கியது. சிந்தாமணி அவரை அய்யனார் கோயிலுக்கு அழைத்துப் போனாள். ரேகை வைக்கமாட்டேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். மனப்பூர்வமாகத்தான் செய்தார், பக்கத்தில் அண்ணன் இல்லை.

பதிவு நாளன்று காலையில் குருநாதன் வண்டியோடு வாசலில் நின்றார். "நீ ஒண்ணும் வைக்க வேணாம்டா. தொணைக்கு வா. அண்ணன் தனியா போறேன்ல." கொளஞ்சியப்பன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறினார்.

விளக்கேற்றும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். கையில் கால் சேர் அல்வாப் பொட்டலம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அல்வா வாங்கி வந்தது அதுவே முதல் தடவை.

"சும்மா தொணைக்குத்தான் போனேன்" என்றார், யாரும் கேட்காமலே.

"கையைக் காட்டுங்க."

வலது கையைக் காட்டினார்.

"அந்தக் கை."

இடது கட்டைவிரல் விளக்கெண்ணெயில் பளபளத்தது. வழியெல்லாம் தேய்த்திருக்கிறார். நகக்கண்ணில் மட்டும் மை மிச்சம் இருந்தது. சிந்தாமணி அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"நம்மள யாரும் போகச் சொல்லல சிந்தாமணி. இங்கியே இருந்து பாத்துக்கச் சொல்லிட்டாரு சம்பந்தி. கீரைகூட நாமளே பறிச்சுக்கலாமாம்."

"பெரிய மனசு" என்றாள் சிந்தாமணி. சோறு போட்டாள். அல்வாவைத் தொடவில்லை.

விடிந்ததும் வழக்கப்படி மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் இறைக்க அவள் போகவில்லை. வெயில் ஏறும் வரை பார்த்துவிட்டுக் கொளஞ்சியப்பனே தகரத்தைத் தூக்கினார். எட்டு வருஷத்தில் எந்தச் செடிக்கு எவ்வளவு என்று அவர் கவனித்ததில்லை. பந்தலடியில் நின்று குரல் கொடுத்தார்.

"ஏ, புடலைக்கு எத்தனை தகரம்டி ஊத்துவ?"

உள்ளே முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் நின்றது.

"உங்க அண்ணனைக் கேளுங்க" என்றாள் சிந்தாமணி.